எட்டு வாரக் கணக்கு

ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ, நாய்க்குட்டி வாங்க வருபவர் முதலில் கேட்பது எத்தனை நாள் குட்டி என்றுதான். முப்பது, நாற்பது நாள் என்றால் மகிழ்ச்சி; அறுபது நாள் என்றால், வளர்ந்துவிட்டதே என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். இதை வீண் கெடுபிடி என்று முணுமுணுக்கும் வளர்ப்பாளர்கள் உண்டு. குட்டியின் உடம்பு வளரும் முறையைப் பார்த்தால், அந்தக் காலத்தை ஒரு வாரம்கூடக் குறைக்க இடமில்லை என்பது புரியும்.

முதல் வாரத்தில் முக்கியம் சூடு. பிறந்த குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. நம் ஊர் வெயிலில் குளிர் ஏது என்று நினைக்கலாம். ராத்திரியில் ஈரமான சிமென்ட் தரை ஒன்றே போதும். மரப்பலகை அல்லது தடித்த சாக்கு விரித்து, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்பு தொங்கவிட்டு, அந்த இடத்தை 30 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருங்கள். மறுமூலை சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்து போக வழி வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர்கிறது. சிதறிக் கிடந்து மூச்சிரைத்தால் வேகிறது. சில்லிட்டுப்போன குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டுவதுதான் நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு. உடம்பு குளிர்ந்தால் குடல் இயங்காது. பால் வயிற்றில் தேங்கும், மூச்சுக்குழாயிலும் ஏறிவிடும். மெல்ல மெல்லச் சூடேற்றிய பிறகே பால். சூடாக இருக்கும் குட்டி முதல் நாளுக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நாய்க்குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருளில் பெரும்பங்கு கருப்பையில் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உறிஞ்சாது. தினமும் ஒரே நேரத்தில் டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். எடை ஏறாத நாளே முதல் எச்சரிக்கை. குட்டி சோர்வது அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

நாட்டு நாய் எதையும் தாங்கும், தாய் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குட்டிதான் இனப்பெருக்க வயதை எட்டியது. அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நாம் தெருவில் பார்த்து வியக்கும் திடம், பிழைத்தவற்றின் திடம். தாங்காதவை நம் கணக்கிலேயே வருவதில்லை.

இரண்டாம் வாரத்தில் குடற்புழு மருந்து தொடங்கும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில். சில புழுக்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்பது பதிலாகாது.

குட்டிகளைத் தாக்கும் தொற்றுகளில் பார்வோ வைரஸ்தான் கொடியது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள், குட்டிக்குக் குட்டி வெவ்வேறு நாளில் வற்றுகிறது. இடையில் ஒரு காலம் உண்டு: மிச்சமிருக்கும் சக்தி நோயைத் தடுக்கப் போதாது, தடுப்பூசியைப் பலிக்காமல் செய்ய மட்டும் போதும். அதனால்தான் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, பதினாறாவது வாரம் வரை மறுபடி மறுபடி ஊசி. நாற்பது நாளில் பஸ் ஏறும் குட்டி பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான் ஊர் மாறுகிறது. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பார்க்க வருபவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவட்டும். தரையை முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு ப்ளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச்சிங் வேலை செய்யாது.

அப்படியென்றால் பதினாறு வாரமும் அறைக்குள் பூட்டி வைப்பதுதானே பத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் பருவம். அப்போது மிக்ஸி சத்தம், குழந்தைகள், குடை, புது மனிதர் கை எதையும் அறியாத குட்டி பின்னாளில் மிரண்டு கடிக்கும் நாயாகலாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையும் உடன்பிறந்தவற்றோடு உருண்டு விளையாடித்தான் கற்கிறது. ஆகவே பிற நாய்கள் திரியும் மண்ணில் இறக்காமல், தூக்கிக்கொண்டு வெளியுலகைக் காட்டுங்கள்.

எட்டு வாரம் வைத்திருந்தால் தீவனச் செலவு கூடுமே என்பது உண்மை. ஒரு ஈற்றுக்கு மூன்று நான்கு வாரத் தீனி பெரிய தொகைதான், அதை விலையில் சேர்த்து வெளிப்படையாகச் சொல்லலாம். காத்திருக்கும் வாரங்களில் காதையும் சோதித்துவிடலாம்: வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ஆறாவது வாரத்தில் ஒவ்வொன்றையும் தனியே விட்டு, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிச் சோதியுங்கள். சந்தேகமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டுக் குட்டியை மறைத்து விற்கவும் கூடாது, அதை ஈன்ற ஜோடியை மறுபடி சேர்க்கவும் கூடாது. ஒப்படைக்கும்போது ஊசி, புழுமருந்துத் தேதிகள் எழுதிய அட்டை, அடுத்த ஊசி நாள், ஒரு வாரத்துக்குப் பழைய தீனி ஆகியவற்றோடு, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எந்த வயதிலும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்ற ஒப்புதலையும் எழுதிக் கொடுங்கள்.