குதிரை வளர்க்கிறீர்களா? கைவசம் இருக்கட்டும் இந்தக் குறிப்புகள்!

ஜட்கா வண்டியோ, கொடைக்கானல் ஏரிக்கரைச் சவாரியோ, அந்தியூர் சந்தையில் ஆசையாக வாங்கிய குட்டியோ, எதுவானாலும் இவை உதவும்.

1. குதிரை நன்றாக இருக்கும்போதே உடல் சூடு, நாடி, மூச்சு மூன்றையும் பார்த்துக் குறித்து வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் சூடு 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. டாக்டர் போனில் முதலில் கேட்பது இதைத்தான்.

2. சூடு பார்க்க மெடிக்கல் ஷாப் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அதில் நூல் கட்டி, மறுமுனையைத் துணி கிளிப்பால் வால் முடியில் மாட்டிவிட்டால் கீழே விழாது. தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வையுங்கள். பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள்.

3. மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவந்தால் நல்லது. செங்கல் நிறமோ, வெளிறலோ தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடத் தாமதிக்க வேண்டாம்.

4. லத்தி அள்ளும்போதே அளவைக் கவனியுங்கள், காசில்லாத பரிசோதனை இது. லத்தி குறைந்து, முன்னங்காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, வியர்த்துப் புரண்டால் வயிற்று வலி என்று அர்த்தம். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது மேலே திரும்ப வழியில்லை. தீவனத்தை உடனே எடுத்துவிட்டு டாக்டரையோ, 1962 கால்நடை ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்கள். எண்ணெய், கஷாயம் என்று வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

5. தண்ணீரை அளவு தெரிந்த பக்கெட்டில் வையுங்கள். 300 கிலோ குதிரை வெயில் காலத்தில் சும்மா நின்றாலே 20 லிட்டர் குடிக்கும். குறைந்தால் அன்றே தெரிந்துவிடும்.

6. கொள்ளு முழுசாக லத்தியில் வருகிறதா, மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறதா? விலை உயர்ந்த சத்துப் பவுடர் வாங்கும் முன் டாக்டரிடம் பல்லைக் காட்டுங்கள். கூர்மையான பல்லை ராவிவிட்டால் பழைய தீவனத்திலேயே உடம்பு தேறும்.

7. குடற்புழு மருந்துக்கு எடை தெரிய வேண்டும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் இரண்டையும் சென்டிமீட்டரில் நூல்வைத்து அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ.

8. வேலை முடிந்ததும் குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். கறுத்து நாற்றமடித்தால் லாயத்தில் ஈரம் அதிகம், தரையைக் காயவிடுங்கள். ஆணி குத்தியிருந்தால் ரணஜன்னி ஊசி அவசியம், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும்.

9. மிச்சமான கோழித் தீவனத்தைக் குதிரைக்குப் போடாதீர்கள். அதில் மோனன்சின் என்ற மருந்து கலந்திருந்தால் கொஞ்சம் தின்றாலே குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும்.

10. கண்ணைப் பாதி மூடி நீர் வடித்தால், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் பெரிதாகும்.

11. மூக்கில் கெட்டியான சளியும் தோலில் உடையும் கட்டிகளும் சேர்ந்து வந்தால் குதிரையைத் தனியே கட்டி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். அன்றே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.