மறு கதிர்வீச்சு சிகிச்சையில் பழைய பதிவேட்டின் இடம்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டமும் சந்திக்கும் எல்லையில் பனச்சமூடு அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் சந்தை, திருமணம், மருத்துவம் ஆகியவற்றில் இரு பக்க மக்களும் இன்றும் ஒன்றுபட்டே வாழ்கின்றனர். புற்றுநோய் கண்டவர்களுக்குத் திருவனந்தபுரம் அருகில் உள்ளது. சென்னை அடையாறு தொலைவில் உள்ளது. ஆனால் காப்பீட்டுத் திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், ஒருவர் முதல் சிகிச்சையை ஓரிடத்திலும் அடுத்த சிகிச்சையை வேறிடத்திலும் பெற நேரலாம். நுரையீரல் புற்றுநோய் மீண்டும் தோன்றி, மறுபடியும் கதிர்வீச்சு தேவைப்படும்போது இந்த இடமாற்றம் பெரிய சிக்கலாகிறது.

நோய் மீண்டும் தோன்றுதல்

அறுவைக்கு இயலாத, மார்புக்குள் பரவிய நுரையீரல் புற்றுநோய்க்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 30 முறைகளில் 60 கிரே அளிப்பது வழக்கமான முறையாகும். இதனுடன் மருந்துச் சிகிச்சையும் தரப்படுகிறது. இதற்குப் பின்னரும் சிலருக்கு, முன்பு கதிர் பாய்ந்த அதே இடத்தில் நோய் திரும்புகிறது.

நிழற்படத்தில் காணும் மாற்றம் ஒவ்வொன்றும் நோயின் மீட்சி அன்று. கதிர்வீச்சினால் நுரையீரலில் தழும்பு உண்டாகும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதுவும் இதே தோற்றம் தரக்கூடும். ஆகவே இயன்றவரை திசு ஆய்வினால் உறுதி செய்த பின்னரே மறு சிகிச்சை முடிவு செய்யப்படுகிறது.

உறுப்புகளின் தாங்கும் எல்லை

கட்டியைச் சுற்றித் தண்டுவடம், உணவுக்குழாய், இதயம், பெரிய இரத்தக் குழாய்கள், எஞ்சிய நல்ல நுரையீரல் ஆகியன உள்ளன. நாளொன்றுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50 கிரே வரை தண்டுவடம் தாங்கும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அதற்கு மேல் செல்லச் செல்ல, கால்கள் செயலிழக்கும் அபாயம் கூடுகிறது. முதல் சிகிச்சையின் பாதிப்பிலிருந்து தண்டுவடம் மாதங்கள் செல்லச் செல்ல ஓரளவு மீள்கிறது. ஆதலால் இரு சிகிச்சைகளுக்கும் இடையே ஆறு மாதமோ அதற்கு மேலோ இருப்பது நலம்.

மொத்த அளவை மட்டும் அறிந்தால் போதாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவருக்கு 20 கிரே, பத்து முறைகளில், முறைக்கு 2 கிரேயாக அளிக்கப்பட்டது. மற்றொருவருக்கு அதே 20 கிரே, ஐந்து முறைகளில், முறைக்கு 4 கிரேயாக அளிக்கப்பட்டது. வழக்கமான கணக்கீட்டின்படி, இரண்டாமவரின் தண்டுவடம் ஏற்ற பாதிப்பு ஏறத்தாழ 30 கிரேக்கு நிகராகும். பதிவேட்டில் 20 கிரே என்று மட்டும் எழுதியிருப்பின், மருத்துவர் இருவரையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை.

மறு சிகிச்சையின் நோக்கம்

சிறிய கட்டி, நீண்ட இடைவெளி, நல்ல மூச்சுத்திறன் ஆகியவை அமைந்த சிலருக்கே நோயைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் மறு கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. துல்லியமாகக் குறிவைக்கும் நவீன முறைகள் இதற்கு உதவுகின்றன. பலருக்கு இருமலில் வரும் இரத்தத்தை நிறுத்துதல், மூச்சுக்குழல் அடைப்பை நீக்குதல், எலும்பு வலியைத் தணித்தல் ஆகியனவே நோக்கங்கள். நுரையீரல் அழற்சி, உணவுக்குழாய்ப் புண், அரிதாக உயிருக்கு ஆபத்தான இரத்தப் பெருக்கு ஆகியவை இதன் தீங்குகள். மருந்துச் சிகிச்சையே தகுதியானதா என்பதையும் மருத்துவர் குழு சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். கதிர்வீச்சு இயலாதோருக்கும் வலி தணிப்பு மருத்துவம் உண்டு. கேரள அரசு இதற்கென 2008-இல் தனிக் கொள்கை வகுத்தது.

பதிவேட்டில் இருக்க வேண்டியவை

1. சிகிச்சை தொடங்கிய நாளும் முடிந்த நாளும்.
2. மொத்த அளவு, முறைகளின் எண்ணிக்கை, ஒரு முறைக்குரிய அளவு.
3. கோபால்ட் கருவியா, நேரியல் முடுக்கியா என்னும் விவரம்.
4. கதிர் பாய்ந்த பகுதியின் படமும் தண்டுவடம், நுரையீரல் ஆகியன பெற்ற அளவும்.
5. உடன் அளித்த மருந்துகள்.
6. இயலுமாயின், கணினித் திட்டத்தின் பிரதி அடங்கிய குறுந்தகடு.

மிகப் பழைய ஏடுகளில் அளவு ‘ராட்’ எனக் குறிக்கப்பட்டிருக்கலாம். 100 ராட் ஒரு கிரே ஆகும்.

அமைப்புகளும் பொறுப்பும்

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தோன்றியது. பின்னர் அங்கு கோபால்ட் கருவி நிறுவப்பட்டது. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1975-இல் தொடங்கியது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981-இல் அமைந்தது. நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு 2012-இல் உருவாயிற்று. 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் 14 இலக்கச் சுகாதார எண், நோயாளியின் இசைவுடன் பதிவுகளை இணைக்க வழி செய்கிறது.

கருவிகளும் எண்களும் இருந்தாலும், முதல் ஏடு முறையாக எழுதப்பட்டால்தான் பயன் உண்டு. சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் ஒவ்வொருவருக்கும் சுருக்க அறிக்கை வழங்குவதை மருத்துவமனைகள் கடமையாகக் கொள்ள வேண்டும். அந்த அறிக்கையின் பொருளைத் தமிழிலும் மலையாளத்திலும் எடுத்துரைப்பது எல்லைப் பகுதிச் சுகாதாரப் பணியாளரின் பணி. மார்பில் கதிர்வீச்சு பெற்ற ஒருவர் இருமலுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, “பழைய காகிதம் எங்கே?” என்று முதலில் கேட்பது நல்ல வழக்கமாகும்.

குடும்ப அட்டையைப் போலவே அந்தக் காகிதமும் பேணப்பட வேண்டும். அது இல்லையெனில், முந்தைய அளவு உயர்ந்திருக்கும் என்று கருதியே மருத்துவர் முடிவெடுக்க நேரிடும். பெறக்கூடிய சிகிச்சையையும் நோயாளி அதனால் இழக்க நேரலாம்.