பழங்கதையும் புதுப் புதினமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள பேரூர் பெரணமல்லூர். அவ்வட்டாரத்தின் பழந்தொழில்களுள் ஒன்று பட்டு நெசவு. பகலெல்லாம் தறியில் அமர்ந்து, கால் மிதிக்கக் கை நாடாவை ஓட்ட, உழைத்து வாழும் மக்கள் அங்கு மிகுதி. திரௌபதியம்மன் விழா வந்துவிட்டால், அப்பகுதியின் ஊர்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். கூத்தைக் காண வருவோருள் கதை அறியாதார் இலர். துரியோதனன் தொடை பிளந்து வீழ்வான் என்பது சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் விடியுமளவும் கண் விழித்துக் காண்கின்றனர். தெரிந்த கதையில் அவர்கள் காண்பது யாது?

கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. அவன் அரசனை அஞ்சாது வினவுவான். இன்றைய சந்தையின் விலைவாசியைப் பண்டைய அரசவையிற் கொணர்ந்து புகுத்துவான். அவையோர் நகைப்பர். நகைப்பு அடங்கிய பின், அவன் கேட்ட கேள்வி மட்டும் நெஞ்சில் நிற்கும். பழங்கதைகளைப் புதினமாக எழுதும் இக்கால ஆசிரியர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் மாதவி என்பாள் கதை வருகின்றது. விசுவாமித்திரரிடம் கல்வி கற்ற காலவன், குருதட்சிணை யாது வேண்டும் என்று அவரை விடாது வற்புறுத்தினான். சினங்கொண்ட முனிவர், நிலவை ஒத்த வெண்ணிறமும் ஒரு காது மட்டும் கருமையும் உடைய குதிரைகள் 800 வேண்டும் என்றார். காலவன் யயாதி மன்னனை அடைந்தான். மன்னனிடம் குதிரைகள் இல்லை. ஆதலின் தன் மகள் மாதவியை அவனுக்கு அளித்தான். மகவு ஈன்ற பின் மீண்டும் கன்னியாகும் வரம் பெற்றவள் அவள். அயோத்தி, காசி, போசம் ஆகிய நாடுகளின் அரசர் மூவரும் ஆளுக்கு 200 குதிரைகள் ஈந்து, அவள்பால் ஒவ்வொரு மகனைப் பெற்றனர். எஞ்சிய 200 குதிரைகளுக்கு ஈடாக முனிவரே அவளை ஏற்றார். முடிவில் தந்தை சுயம்வரம் கூட்டினான். மாதவியோ, வந்திருந்த அரசர்களையெல்லாம் விடுத்துக் கானகத்தையே வரித்து, மான்களோடு மானாக வாழ்ந்தாள்.

இக்கதையைத் துரியோதனனுக்குக் கூறுபவர் நாரதர். பிடிவாதத்தால் விளையும் கேட்டைக் காட்டுதலே அவர் நோக்கம். பிடிவாதம் செய்தவன் காலவன். நாடு நாடாக நடந்தவளோ மாதவி! தன் வரத்தை எடுத்துரைத்துக் காலவனுக்கு வழி கூறியவளும் அவளே என்பது உண்மை. ஆயினும் ஈன்ற மக்களை ஒவ்வோரிடத்தும் விட்டுப் பிரிந்தபோது அவள் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பது அங்கே பேசப்படவில்லை.

அதனைப் பேசியவர் எம். வி. வெங்கட்ராம் (1920 – 2000). கும்பகோணத்தில் பட்டு நெசவு செய்யும் சௌராட்டிரர் குலத்திற் பிறந்து, சரிகை வணிகம் புரிந்தவர். பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி' இதழில் எழுதியவர். 1993-இல் 'காதுகள்' என்னும் புதினத்திற்காகச் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ'யில் வரைந்த அவரே, மாதவியின் கதையை 'நித்யகன்னி' என்னும் புதினமாக்கினார். பாவு வியாசருடையது, ஊடை இவருடையது. குதிரைகளின் கணக்கு மாறவில்லை. பெற்ற வரமே ஒரு பெண்ணுக்குச் சாபமாவதையும், அறத்தின் பெயரால் அவளைப் பண்டமாக்கும் ஆடவரின் மனத்தையும் அவர் காட்டினார்.

கிரேக்க நாட்டுப் பழங்கதைகளுக்கும் இந்நிலை வாய்த்துள்ளது. ஹோமரின் 'இலியட்' காப்பியம் அக்கிலீஸ் என்னும் வீரனின் சினத்தைப் பாடுவது. அச்சினம் எழுந்தது பிரிசெயிஸ் என்னும் சிறைப்பட்ட பெண்ணை அகமெம்னான் கவர்ந்துகொண்டமையால். அவள் கணவனும் உடன்பிறந்தார் மூவரும் போரில் மாண்டவர்கள். அத்துணைப் பெரிய காப்பியத்தில் அவள் வாய் திறப்பது ஒரே ஒருமுறை; அதுவும் அக்கிலீஸின் தோழனது உடலின் மேல் விழுந்து அழும்போது. ஆங்கில எழுத்தாளர் பாட் பார்க்கர் 2018-இல் வெளியிட்ட புதினத்தில், போரின் கதையைப் பெரும்பாலும் அவளே கூறுகின்றாள். மாதவியும் அவளும் ஒருவரையொருவர் அறியார். அறிந்திருப்பின் பேசுவதற்கு நிரம்ப இருந்திருக்கும்.

பெரியோர் பாடிய கதையில் கைவைத்தல் தகுமோ என்பர் சிலர். அவர்களது அச்சத்தைப் புறந்தள்ளுதற்கில்லை. பழைய தலைவனைத் தூற்றுதலே புதுமை என்று எண்ணி எழுதப்பட்ட நூல்களும் உள, அவை நில்லா. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' என்னும் சிறுகதையோ அவ்வகையினது அன்று. இராமன் அகலிகைக்கு வாழ்வளித்ததும் பழங்கதையே. சீதை தீப்புகுந்ததும் பழங்கதையே. அவற்றுள் எதனையும் அவர் மறுக்கவில்லை. தீப்புகுந்த செய்தியைச் சீதையின் வாயாலேயே அகலிகை கேட்கும்படி செய்தார். அவ்வளவே. அகலிகை மீண்டும் கல்லானாள்.