கோழிக்கழிச்சல் வெயிலால் வருவதா?

பங்குனி வெயில் ஏறியதும் ஊர்ப்பக்கம் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். "வெக்கை தாங்கல" என்பார்கள்.

வெக்கை கோழியைச் சோர்வாக்கும், அவ்வளவுதான். கழிச்சலைத் தருவது ஒரு வைரஸ். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தெரியவந்தது, அடுத்த ஆண்டே குமாவோன் மலையிலுள்ள ராணிகேத்தில் தென்பட்டது. நம் கால்நடை மருத்துவர்கள் இதை ராணிகேத் நோய் என்பது அதனால்தான். வைரஸ் என்பதால், கழிச்சலுக்கென்று வாங்கிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இதைத் தொடாது.

'நாட்டுக்கோழிக்கு எதுவும் வராது' என்ற நம்பிக்கைதான் அதிகம் காவு வாங்குகிறது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்நோய் புகுந்தால் மொத்தமும் போகலாம். எத்தனையோ வீடுகளில் பெண்களின் கைச்செலவுக் காசு அந்த நாலைந்து பெட்டைகள்தான். பண்ணைக்கோழி தப்பிப்பது அதன் உடல்வாகால் அன்று, அட்டவணை தவறாமல் போடும் தடுப்பு மருந்தால்.

'ஊசி போட்டால் செத்துவிடும்' என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்குப் பிறகு இறக்கைத் தோலடியில் ஊசி என்பது முறை. அந்த ஊசி மருந்து வீரியமானது. இளங்குஞ்சுக்குப் போட்டால் தாங்காது, முட்டையிடும் கோழிக்குப் போட்டால் முட்டை குறையும். பக்கத்து வீட்டில் கோழி சாகத் தொடங்கிய பிறகு போடுகிறோம், ஏற்கெனவே கிருமி ஏறிய கோழி சாகிறது, பழி ஊசிமேல் விழுகிறது. அதே ஊசிமுனை நோயை அடுத்த கோழிக்கும் கொண்டுபோகும்.

இந்நோய் பொதுவாக மனிதரைக் கொல்லாது. நோய்க்கோழியைக் கையாண்டவருக்குச் சில நாள் கண் சிவக்கலாம். ஆனால் பறவைக்காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். பிரித்தறிவது ஆய்வகம்தான். கோழிகள் கூட்டமாகச் செத்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செத்ததை வாய்க்காலில் வீசாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். துவண்ட கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நோய் ஊர் ஊராகப் போகும். சந்தையில் வாங்கியதை இரண்டு வாரம் தனியே அடையுங்கள்.

தமிழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் ஊரில் ஊசி போடும் நாளன்று காலை பஞ்சாரத்தைத் திறக்காமல் வையுங்கள். மேயப் போன கோழியைப் பிடிப்பதற்குள், ஐஸில் கொண்டுவந்த மருந்து வீணாகிவிடும்.