சிக்னல் இல்லையா? சிந்திப்போம் வாரீர்!

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

 

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுத வராத நான் என்ன எழுதுவது என்று திகைத்தேன். பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும், அதனால் நான் கற்ற பாடமும் நினைவுக்கு வந்தன. உங்களில் பலருக்கும் பயன்படும் என்று நம்பி அதையே எழுதுகிறேன்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ம் நாள் நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இன்று ஆடு மேய்ப்பவர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் போன் இருந்து என்ன பயன், சிக்னல் இல்லாவிட்டால்?

அந்த மழை இரவு

எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான். எங்கள் பரம்பரையில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஐப்பசியில் நல்ல மழை. நள்ளிரவில் எங்கள் அப்பாயிக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விட முடியாமல் தவிக்கிறார். 108-க்குப் போட்டேன், போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், போகவே இல்லை. கடைசியில் மழையில் கிணத்து மேட்டுக்கு ஓடி, அங்கே நின்று பேசினேன். வண்டி வந்தது, அப்பாயியும் பிழைத்தார். ஆனால் இருபது நிமிடம் வீணாகிப் போனது.

மறுநாள் அம்மா கேட்டார்: "ஏன்டா, நீ போன் படிப்புதானே படிக்கிற? நம்ம வூட்டுல ஒரு போன் பேசறதுக்கு வழி பண்ண மாட்டியா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் கம்பெனியைத் திட்டியது, சிம்மை இரண்டு முறை மாற்றியது, சந்தையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு 'சிக்னல் ஸ்டிக்கர்' வாங்கிப் பின்பக்கம் ஒட்டியது, இவ்வளவுதான். அன்றுதான் உறைத்தது: லேபில் ஒரு சர்க்யூட் வேலை செய்யாவிட்டால் எடுத்த எடுப்பில் புது டிரான்சிஸ்டர் போடுகிறோமா? ஒவ்வொரு ஸ்டேஜாக அளந்து பார்க்கிறோம் அல்லவா! அதையே வீட்டிலும் செய்தால் என்ன?

கோட்டை நம்பாதே, எண்ணைப் பார்!

போன் திரையில் தெரியும் நாலு கோட்டுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்று ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தாமே வைத்துக் கொள்கிறார்கள். உண்மையான அளவு டி.பி.எம். என்ற எண். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'அபௌட் போன்', அதில் 'சிம் ஸ்டேட்டஸ்' போய்ப் பார்த்தால் பெரும்பாலான போன்களில் கிடைக்கும்.

1 மில்லிவாட் என்பது 0 டி.பி.எம். அதற்கு 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு. 3 குறைந்தால் பாதி. அப்படியானால் -110 என்பது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு! இத்தனை சிறிய சக்தியைப் பிடித்துப் பேச வைக்கிறதே, போனை நாம் திட்டுவது நியாயமா?

4ஜி-யில் தோராயமாக -90 வரை நல்ல சிக்னல், -100 சுமார், -110 பலவீனம், -115-க்குக் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்து வரும்.

எங்கள் வீட்டில் நான் எடுத்த ரீடிங்: நடு வீட்டில் -118. திண்ணையில் -106. கிணத்து மேட்டில் -92. கணக்குப் போடுங்கள். நடு வீட்டுக்கும் திண்ணைக்கும் 12 டெசிபெல், அதாவது சுமார் 16 மடங்கு. கிணத்து மேட்டுக்கு 26 டெசிபெல், சுமார் 400 மடங்கு! நாலு எட்டு நடந்தால் பதினாறு மடங்கு என்றால், குறை டவரில் மட்டுமா இருக்கிறது?

நான்கு கேள்விகள்

1. போனில் குறையா? அதே கம்பெனி சிம் உள்ள வேறு போனை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் நன்றாக இருந்தால் நம் போனில்தான் கோளாறு. உலோகக் கவர், காந்த வளையம் இருந்தால் கழற்றுங்கள். ஆன்டெனா இருக்கும் இடத்தைக் கை மூடினாலும் சிக்னல் குறையும். 2010-ல் வந்த ஐபோன் 4-ல் இந்தப் பிரச்னை பெரிதாகி, அந்தக் கம்பெனி இலவசமாகக் கவர் கொடுத்தது.

2. சிம்மில் குறையா? சிம்மைக் கழற்றித் துடைத்து, வேறு போனில் போட்டுப் பாருங்கள். ஏர்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுத்தால், போன் டவரைப் புதிதாகத் தேடிப் பதிவு செய்து கொள்ளும். பஸ்ஸில் ஊர் மாறி வந்தவுடன் இது நன்றாக வேலை செய்யும்.

3. இடத்தில் குறையா? எங்கள் வீட்டுக் குற்றவாளி இதுதான். போன வருடம் பழைய நாட்டு ஓட்டைப் பிரித்துத் தகர ஷீட் போட்டோம். ஜன்னல் கதவும் தகரம். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. ஆனால் உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஓட்டின் வழியாக ஓரளவு நுழையும் அலை தகரத்தில் நுழையாது. கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்த கட்டடத்தின் கீழ்த் தளத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹாஸ்டல் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

4. நெட்வொர்க்கில் குறையா? மேட்டிலும் திறந்த வெளியிலும்கூட எண் மோசமாக இருந்தால் டவர் தூரம், அல்லது மலை மறைக்கிறது. எண் நன்றாக இருந்தும் கால் போகாவிட்டால் நெரிசல். திருவிழாக் கூட்டத்தில் நடப்பது இதுவே.

"மழை பெஞ்சா டவர் போயிடும்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாம் பேசும் அலைவரிசைகளை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மழையில் கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது.

செய்து பலன் கண்டவை

முதலாவது, இடம் பார்த்து வைப்பது. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே கழியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. ஆகவே ஒரு ஜாண் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கையில் போனோடு வீடு முழுக்க ஜாண் ஜாணாக அளந்தேன். "எதைடா தேடற?" என்று அப்பாயி சிரித்தார். திண்ணையின் தென்கிழக்கு மூலையில், என் தோள் உயரத்தில் -101 கிடைத்தது. அங்கே ஆணி அடித்து ஒரு துணிப் பை மாட்டினேன். இப்போது எங்கள் வீட்டுப் போனின் இடம் அதுதான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறோம்.

இரண்டாவது, அலைவரிசை. அதிர்வெண் குறையக் குறைய அலை தடைகளைச் சுற்றி வளைந்து வரும், சுவரிலும் அதிகம் நுழையும். திறந்த வெளியிலேயே 900-க்குப் பதில் 1800 என்றால் அதே தூரத்தில் 6 டெசிபெல் கூடுதல் இழப்பு. எங்கள் சிம்மில் 2ஜி-யும் இருப்பதால், பேசுவதற்கு மட்டும் அதை 2ஜி-யில் வைத்தபோது நடு வீட்டிலும் ஓரளவு மணி அடித்தது. ஆனால் 2016-ல் வந்த ஜியோவில் 2ஜி கிடையாது. அதில் 'வோல்டி' ஆன் ஆகியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வைஃபை காலிங். பிராட்பேண்ட் இருக்கும் வீட்டிலும் விடுதியிலும் செட்டிங்ஸில் இதை ஆன் செய்தால், டவர் இல்லாமலே சாதாரண எண்ணுக்குப் பேசலாம்.

நான்காவது, புகார். 198-க்கு அடித்துச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சிக்னல் இல்லைங்க" என்று சொல்வதைவிட, "வீட்டு வெளியே -112, மூன்று நாளாக" என்று சொன்னால் மதிப்பு வேறு. தீராவிட்டால் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடெங்கும் உண்டு. மாறுமுன் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் அந்தக் கம்பெனியின் எண்ணைப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் இரண்டு முறை ஏமாந்தேன்.

செய்யக் கூடாதவை

ஸ்டிக்கர் வாங்காதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்! சில்வர் பேப்பர் சுற்றினால் இருப்பதும் போகும். அனுமதி இல்லாத பூஸ்டர் கருவியை வாங்கி மாட்டுவது சட்டப்படி குற்றம். நம் வீட்டுக்குச் சிக்னல் வரும், ஆனால் அது கிளப்பும் இரைச்சலால் ஊரார் பேச்சு கெடும். தொடர்பியல் படிக்கும் நாமே அதைச் செய்யலாமா?

சிக்னல் பலவீனமான இடத்தில் போன் தன் சக்தியை ஏற்றிக் கத்துகிறது. அதனால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். இரவில் அப்படி இடத்தில் வைத்தால் காலையில் போன் செத்துக் கிடக்கும்.

மறக்கக் கூடாத எண்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 112 என்ற எண்ணை அடித்தால், நம் கம்பெனிக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கும் வேறு எந்தக் கம்பெனியின் டவர் வழியாகவும் போக போன் முயலும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டுவதன் பொருள் அதுவே. தமிழ்நாட்டில் 112 சேவை 2019-ல் தொடங்கியது. எந்த டவருமே எட்டாத இடத்தில் மட்டும் இதுவும் உதவாது. அந்த மழை இரவில் இது எனக்குத் தெரிந்திருந்தால், ஓடுவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை அடித்துப் பார்த்திருப்பேன்.

இப்போது அம்மாவுக்கும் அப்பாயிக்கும் அந்த மூன்று எண்ணை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். எழுத்துத் தெரியாத அப்பாயி, "ரெண்டு ஒத்தை, ஒரு ரெட்டை" என்று விரல் விட்டுச் சொல்கிறார். தகர ஷீட்டை மாற்ற எங்களிடம் பணமில்லை. ஆனால் ஓர் ஆணியும் ஒரு துணிப் பையும் போதுமானதாக இருந்தது.

நண்பர்களே! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலும் நாலு இடத்தில் ரீடிங் எடுங்கள். நல்ல இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுத் திண்ணைக்குப் பயன்படட்டும்.