இளையோர் துடுப்புப் படகுக் குழு: வருகையும் ஒழுங்கும்

நாற்பது மாணவர் பயிலும் வகுப்பில் ஒரு நாள் நால்வர் வாராதொழிந்தால் பாடம் நின்றுவிடுவதில்லை. எஞ்சிய முப்பத்தாறு பேருக்கும் ஆசிரியர் வழக்கம்போற் கற்பிக்கிறார். வாராதவர் பிறகு படித்து ஈடுசெய்துகொள்கின்றனர். துடுப்புப் படகின் இயல்போ இதனின்று முற்றிலும் வேறானது. நால்வர் துடுப்பு வலிக்க, ஐந்தாமவர் சுக்கான் பிடிக்கும் படகில் ஒருவர் வாராவிடின் ஏனைய நால்வரும் கரையில் நிற்க நேரிடுகின்றது. எனவே, வகுப்பறைக்கென வகுத்த வருகை விதியைப் படகுக் குழுவிற்கும் அப்படியே பொருத்துதல் தகாது. இதற்கான காரணங்களையும், இளையோர் குழுவை நடத்தும் ஆசிரியரும் களப்பணியாளரும் மேற்கொள்ளத்தக்க முறைகளையும் இப்பாடம் விளக்குகின்றது.

1. நம் நாட்டில் இவ்விளையாட்டு

இந்தியாவில் துடுப்புப் படகோட்டம் நெடுங்கால வரலாறு உடையது. கல்கத்தா ரோயிங் கிளப் 1858-ஆம் ஆண்டிலும், சென்னையின் மெட்ராஸ் போட் கிளப் 1867-ஆம் ஆண்டிலும் தோன்றின. நாடு முழுமைக்குமான இந்தியத் துடுப்புப் படகோட்டக் கூட்டமைப்பு 1976-இல் நிறுவப்பெற்றது. 2010-இல் குவாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஜ்ரங் லால் தாக்கர் தனியர் படகில் தங்கப் பதக்கம் பெற்றார். 2018-ஆம் ஆண்டின் ஆசியப் போட்டியில் இரட்டைத் துடுப்பு நால்வர் படகில் இந்தியக் குழு தங்கம் வென்றது. கொல்கத்தாவின் இரவீந்திர சரோவர், போபாலின் மேல் ஏரி, சண்டீகரின் சுக்னா ஏரி, ஐதராபாத்தின் உசேன் சாகர் முதலிய நீர்நிலைகளில் மாணவ மாணவியர் இக்கலையைப் பயின்று வருகின்றனர்.

2. படகு என்னும் பொறி

வருகை இத்துணை இன்றியமையாததாவது ஏன் என்பதை அறியப் படகின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். சுக்கான் பிடிப்பவருடன் கூடிய நால்வர் படகு ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும், நீர்மட்டத்தில் அரை மீட்டரளவு அகலமும் உடையது. பன்னாட்டு விதிப்படி அதன் எடை 51 கிலோகிராமுக்குக் குறையலாகாது. துடுப்பாளர் ஒவ்வொருவரும் ஒரே துடுப்பைப் பிடிப்பர். இருவர் துடுப்புகள் படகின் இடப்புறமும், இருவர் துடுப்புகள் வலப்புறமும் நீளும். இருக்கைகள் தண்டவாளம் போன்ற சட்டங்களின்மீது முன்னும் பின்னும் நகர்வன.

துடுப்பாளர் ஒருவரின் எடை சராசரி 65 கிலோகிராம் எனக் கொள்வோம். நால்வரின் மொத்த எடை 260 கிலோகிராம். அதாவது படகின் எடையைப்போல் ஐந்து மடங்கு. இத்துணைப் பெரும் எடை, இலேசான படகினுள் முன்னும் பின்னும் நகரும்போது, படகு அதற்கு எதிர்த்திசையில் உந்தப்படுகின்றது. நால்வரும் ஒரே கணத்தில் ஒரே சீராக நகர்ந்தால் படகு வழுக்கிச் செல்லும். ஒருவர் முந்தியோ பிந்தியோ நகர்ந்தால் வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறும். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறத்தாழப் பெருகுவதால், சீரான வேகத்தினும் தடுமாறும் வேகமே மிகுதியான ஆற்றலை விழுங்குகின்றது.

மேலும், இத்துணைக் குறுகிய படகு தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. கயிற்றின்மேல் நடப்பவன் கையிலுள்ள கழி அவனைத் தாங்குவதுபோல, இருபுறமும் நீண்ட துடுப்புகளே படகின் சமநிலையைக் காக்கின்றன. ஒருவர் தம் கையைச் சிறிது தாழ்த்தினாலும் படகு ஒருபுறம் சாய்ந்து, மற்றவரின் துடுப்பு நீருக்குள் சிக்கிக்கொள்ளும். நிமிடத்திற்கு 30 முறை வலிக்கும் குழுவுக்கு ஒவ்வோர் இழுப்பிற்கும் இரண்டு வினாடியே உண்டு. 2,000 மீட்டர் போட்டியில் இருநூறு முறை அளவில் இவ்வொத்திசைவு பிழையாது நிகழவேண்டும். இது புத்தகத்தைப் பார்த்தோ, தனியே வீட்டில் பயின்றோ கைவருவதன்று. அதே ஐவர் அதே படகில் பன்முறை கூடிப் பயில்வதனாலேயே கைகூடும்.

3. வருகையின் கணக்கு

பள்ளி இறுதித் தேர்வு எழுத நூற்றுக்கு 75 வருகை போதும் என்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதி. நூற்றுக்கு 90 வருகையுடைய மாணவனை எப்பள்ளியும் பாராட்டும். இவ்வளவுகள் படகில் எவ்விளைவைத் தரும் என்று கணக்கிடுவோம்.

ஐவருள் ஒவ்வொருவரும் பத்து நாளில் ஒன்பது நாள் வருகின்றனர் என்க. ஒருவர் ஒரு நாளில் வரும் வாய்ப்பு 0.9. ஐவரும் ஒரே நாளில் வரும் வாய்ப்பைப் பெற 0.9 என்னும் எண்ணை ஐந்துமுறை தம்முட் பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ 0.59. எனவே, 30 பயிற்சி நாட்களில் 18 நாள் அளவில்தான் படகு நிறைவான குழுவுடன் நீரில் இறங்கும். எஞ்சிய 12 நாட்களில் வந்தவர் உழைப்பும் வீணாகின்றது. வெவ்வேறு வருகை அளவுகளுக்குரிய விடைகள் வருமாறு:

ஒவ்வொருவர் வருகையும் நூற்றுக்கு 75 எனில், 30 நாட்களில் நிறைவான நாட்கள் 7.
நூற்றுக்கு 90 எனில், 18.
நூற்றுக்கு 95 எனில், 23.
நூற்றுக்கு 98 எனில், 27.

எண்மர் படகில் சுக்கான் பிடிப்பவரோடு ஒன்பதின்மர். அங்கே நூற்றுக்கு 90 வருகைக்கு நிறைவான நாட்கள் 12-ஐயும் எட்டா.

இக்கணக்கு ஒருவர் வராமைக்கும் மற்றொருவர் வராமைக்கும் தொடர்பில்லை என்று கொண்டு செய்யப்பட்டது. தேர்வு, திருவிழா முதலிய நாட்களில் பலர் சேர்ந்தே வாராதிருப்பதுண்டு. அப்போது எண்கள் சிறிது மாறும். ஆயினும், அடிப்படை உண்மை மாறாது. தனியொருவர்க்குச் சிறிதாகத் தோன்றும் குறை, குழுவிற்குப் பெரிதாகப் பெருகுகின்றது. பத்தில் ஒரு நாள் தவறிய மாணவன் தன்னைக் குற்றமற்றவன் என்று எண்ணுவது இயல்பே. அவனைக் கடிந்துகொள்வதைவிட, இக்கணக்கை அவன் கையாலேயே போட்டுப் பார்க்கச் செய்வது பயன் தரும்.

4. மாற்றுத் துடுப்பாளர்

நோயும் குடும்பக் கடமையும் யாவர்க்கும் உண்டு. ஆதலின் வருகையை வற்புறுத்துவதனால் மட்டும் இச்சிக்கல் தீராது. மாற்று ஏற்பாடும் வேண்டும். துடுப்பாளர் ஒரு புறத்திற்கே பயின்றவராதலால், மாற்றுத் துடுப்பாளரும் புறத்திற்கு ஒருவராக இருத்தல் வேண்டும். இடப்புறத்திற்கு மூவரும், வலப்புறத்திற்கு மூவரும், சுக்கான் பிடிக்க இருவருமாக எண்மரைப் பயிற்றுவித்தால், அதே நூற்றுக்கு 90 வருகையில் 30 நாட்களில் 28 நாட்கள் படகு நீரில் இறங்கும்.

இதனால், வருகை முக்கியமன்று என்று முடிவு செய்துவிடலாகாது. மாற்றாள் படகை நீரில் இறங்கச் செய்கிறார். ஒத்திசைவோ நிலையான கூட்டினாலேயே வளர்கின்றது. மேலும், வாராமையை முன்னரே அறிந்தாலன்றி மாற்றாளை அழைக்க இயலாது. ஆகவே, குழுவின் விதிகளுள் முதலாவது, 'வாராதே இராதே' என்பதைக் காட்டிலும், 'வர இயலாவிடின் முந்தைய நாள் மாலைக்குள் சொல்' என்பதாக இருத்தல் நலம். வருகைப் பதிவேட்டில் சொல்லி வாராமையையும் சொல்லாது வாராமையையும் வெவ்வேறு குறிகளால் பதிதல் வேண்டும். முன்னது குறையன்று, பின்னதே திருத்தத்திற்குரியது.

5. பதிவேடு உயிர்காப்புக் கருவியாதல்

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரவீந்திர சரோவர் ஏரியில், பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்காக மாணவர் பயின்றுகொண்டிருந்த படகொன்று, கால்பைசாகி எனப்படும் இடிப்புயலில் கவிழ்ந்தது. மாணவர் இருவர் உயிரிழந்தனர். மார்ச் முதல் மே வரை வங்கத்தில் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் எழும் இப்புயல், அமைதியாகத் தோன்றும் நீர்ப்பரப்பைச் சில நிமிடங்களிற் கொந்தளிக்கச் செய்வது. நீர்ப்பயிற்சியில் ஒழுங்கு என்பது பதக்கத்தை மட்டும் பற்றியதன்று என்பதை ஆசிரியர் ஒருபோதும் மறத்தலாகாது.

வருகைப் பதிவேட்டின் மற்றொரு பயன் இங்கே புலனாகும். ஒவ்வொரு படகிலும் ஏறியவர் பெயர், இறங்கிய நேரம், கரை திரும்பிய நேரம் ஆகியவை கரையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஒருவர் பெயரை நண்பர் சொல்லி 'வந்ததாக'ப் பதியச் செய்தல் வகுப்பிற் சிறு பிழை. நீர்க்கரையில் அது பேராபத்து. கவிழ்ந்த படகில் இருந்தோர் எத்தனை பேர் என்று தெரியாவிடின், மீட்போர் எத்தனை பேரைத் தேடுவது?

6. நீர்மேல் ஒழுகும் முறை

குழுவில் சேருமுன் ஒவ்வொரு மாணவரும் மெல்லுடையுடன் 50 மீட்டர் நீந்திக் காட்டுதல் வேண்டும். நீந்தத் தெரியாமை இழிவன்று. அதனை மறைத்தலே தவறு. நீந்தத் தெரியாதவர்க்கு முதலில் நீச்சலைக் கற்பித்தல் ஆசிரியர் கடமை.

பயிற்சி நேரத்திற்குக் கால் மணி முன்னரே அனைவரும் படகுக்கொட்டிலுக்கு வந்துவிடுதல் வேண்டும். படகைத் தூக்கும் நேரம் அனைவர் கைகளும் வேண்டப்படும் நேரம். படகின் முன்முனையிலுள்ள இரப்பர்ப் பந்து, காற்றறைகளின் மூடிகள், காலணியின் குதிகாற் கயிறு ஆகியவற்றைத் துடுப்பாளரே சோதித்தல் நன்று. குதிகாற் கயிறு சரியாக இருந்தாலே, படகு கவிழ்ந்தபோது கால் தானே விடுபடும்.

துடுப்பாளர் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்கின்றனர். முன்னே நோக்குபவர் சுக்கான்காரர் ஒருவரே. ஆதலின், படகு நீரில் இருக்கும்வரை அவர் ஒருவரே பேசுதல் வேண்டும். அவர் வயதில் இளையவராயினும் மற்றவர் கீழ்ப்படிதல் கடமை. இதற்கு ஒரே விலக்கு உண்டு. ஆபத்தையோ, தன் உடல் நலக்குறைவையோ உணர்ந்தவர் எவராயினும் உடனே உரக்கச் சொல்லவேண்டும். அவ்வாறு சொன்னவரை எவரும் ஏளனம் செய்தலாகாது.

இடியொலி கேட்டவுடன் கரை திரும்புக. கடைசி இடியொலிக்குப் பின் 30 நிமிடம் கழியுமுன் மீண்டும் இறங்கற்க. படகு கவிழ்ந்தால் அதனைப் பற்றிக்கொண்டிருத்தலே பாதுகாப்பு. படகை விட்டுக் கரை நோக்கி நீந்துதல் கூடாது. ஆசிரியரோ பயிற்சியாளரோ மீட்புப் படகுடன் அருகில் இல்லாதபோது எப்படகும் நீரில் இறங்கலாகாது. இவ்விதி மாணவர்க்கு அன்று, பெரியவர்க்கு இடப்பட்டதாகும்.

சுக்கான்காரர் இலேசாக இருக்கவேண்டுமென்று சிறுவரைப் பட்டினி கிடக்கச் செய்தல் கொடுமை. பன்னாட்டு விதிப்படி சுக்கான்காரரின் எடை 55 கிலோகிராமுக்குக் குறைந்தால், குறையும் எடை படகில் ஏற்றப்படும். ஆதலின், அவ்வளவிற்குக் கீழே உடல் மெலிவதால் ஊதியம் ஏதுமில்லை.

7. வராமையின் காரணத்தை ஆராய்தல்

சொல்லாது வாராத மாணவரைத் தண்டனையாக ஓடச் செய்வதும், பலர்முன் பழிப்பதும் பயனற்றவை. உடற்பயிற்சியைத் தண்டனையாக்கினால் மாணவர் உடற்பயிற்சியையே வெறுப்பர். முதலிற் காரணத்தை வினவுதல் வேண்டும். காலையில் தெருக்குழாயில் நீர் பிடிக்கும் பொறுப்பு ஒரு சிறுமிக்கு இருக்கலாம். பேருந்து அவ்வேளைக்கு வாராதிருக்கலாம். பயிற்சிக்குப் பின் வகுப்பிற் பசியோடு அமர இயலாதிருக்கலாம். பயிற்சி நேரத்தை அரை மணி தள்ளிவைப்பதால் தீரும் குறையை ஒழுக்கக்கேடு என்று கருதுதல் நீதியன்று.

காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் வரும் மாணவரின் ஆர்வத்தைப் புகழ்தலும் தவறு. அவரைத் திருப்பி அனுப்பி, 'சொல்லி வாராதவர்' என்றே பதிதல் வேண்டும். வருகைக்குப் பரிசு வழங்கும் குழுக்களில் நோயை மறைக்கும் வழக்கம் எளிதிற் புகும் என்பதை நினைவிற் கொள்க.

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் சொல்லாது தவறுவாராயின், அவரை மாற்றாள் நிலைக்கு மாற்றி, மீண்டும் எத்தனை நாள் ஒழுங்காக வந்தால் தம் இருக்கையைப் பெறலாம் என்பதை அவருக்கும் பெற்றோர்க்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். திரும்பும் வழி திறந்திருத்தல் வேண்டும். விதிகள் பருவத் தொடக்கத்திலேயே படித்துக் காட்டப்பட்டிருத்தலும், திறமை மிக்கவர்க்கும் மற்றவர்க்கும் ஒன்றாகவே இருத்தலும் அவசியம்.

8. வகுப்பறைச் சோதனை

பத்துச் சிறு தாள்களில் ஒன்பதில் 'வந்தேன்' என்றும், ஒன்றில் 'வரவில்லை' என்றும் எழுதி ஒரு பையிலிடுக. ஐந்து மாணவர் முறையே ஒரு தாளை எடுத்துப் பார்த்து மீண்டும் பையிலிடட்டும். ஐவரும் ஒரு முறை எடுப்பது ஒரு நாள். ஐவரும் 'வந்தேன்' எடுத்த நாளே படகு இறங்கிய நாள். 30 நாள் இவ்வாறு செய்து கரும்பலகையிற் குறிக்க. விடை ஒவ்வொரு முறையும் சிறிது மாறும். பலமுறை செய்து சராசரி கண்டால் 18-ஐ அணுகும்.

பிறகு ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பலாம்: 'வரவில்லை' என்னும் தாளை எடுத்தவர் அன்று இழந்தது ஒரு நாள், குழு இழந்தது எத்தனை பேரின் நாள்? மாணவர் இதற்குத் தாமே விடை காணும்போது, வருகை என்பது ஆசிரியருக்குச் செலுத்தும் கடன் அன்று, உடனமர்ந்து துடுப்பு வலிக்கும் தோழர்க்குச் செலுத்தும் கடன் என்பதை உணர்வர்.