ரைஸ் குக்கர் வாங்கப் போகிற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது.  

ரைஸ் குக்கர் வாங்கப் போவதாகவும், தொடுதிரை வைத்த ஒன்றை எட்டாயிரம் ரூபாய்க்குப் பார்த்து வைத்திருப்பதாகவும் அக்கா போனில் சொன்னாள். வேண்டாம் பாப்பா. நீயும் மாப்பிள்ளையும் என்று இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு பணம் தேவையே இல்லை. பழுதென்று நம் கடைக்கு வருகிற குக்கர்களைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். சோறாக்குவது அடியில் இருக்கிற தகடும் அதன்மேல் உட்காருகிற பாத்திரமும்தான். கொடுக்கிற காசை அந்த இரண்டுக்கும் கொடு.

ஏன் என்று தெரிந்தால் கடைக்காரர் பேச்சில் நீ மயங்க மாட்டாய். சாதாரணக் குக்கரின் பாத்திரத்தைத் தூக்கிப் பார், தகட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு காந்தமும் ஒரு ஃபெரைட் துண்டும் உண்டு. நாம் சுவிட்சை அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இருக்கிற வரைக்கும் பாத்திரத்தின் அடியில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு மளமளவென்று ஏறும். 103 டிகிரி பக்கம் வந்தவுடன் ஃபெரைட் காந்தத்தோடு ஒட்டுகிற குணத்தை இழந்துவிடும். ஸ்பிரிங் பிரித்துவிட, ‘டக்’கென்று சுவிட்ச் வார்முக்குப் போய்விடும். அவ்வளவுதான் அதன் மூளை. கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை, கெட்டாலும் சின்ன ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார்.

இந்தக் கருவி வந்த கதையையும் சொல்கிறேன். ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955-ல் தானியங்கி மின்சாரக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்குகிற வேலையை ஏற்றவர் மினாமி யோஷிததா. ஆனால் வீட்டில் அரிசி அளந்து, நேரம் குறித்து, திரும்பத் திரும்ப ஆக்கிப் பார்த்தது அவர் மனைவி ஃபுமிகோ. அரிசியை வேகவைப்பதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் வருடங்கள் போயின. ஒரு குடும்பத் தலைவியின் உழைப்பு இதற்குள் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இந்தக் கருவிமேல் தனி மரியாதை.

முன்னே சொன்ன அந்த ஸ்பிரிங் குமிழ் பாத்திரத்தின் அடியில் நன்றாகப் பதிய வேண்டும். அதனால்தான் பாத்திரம் முக்கியம். ‘அடிப்பிடிக்கிறது’, ‘பாதி வெந்ததுமே சுவிட்ச் ஏறிவிடுகிறது’ என்று எங்களிடம் வருகிற குக்கர்களில் பெரும்பாலும் மின்சாரப் பகுதியில் கோளாறு இருப்பதில்லை. மெல்லிய அலுமினியப் பாத்திரம் கீழே விழுந்து அடி நெளிந்திருக்கும், அல்லது தகட்டில் சோற்றுப்பருக்கை ஒன்று கருகி ஒட்டியிருக்கும். கடையில் பாத்திரத்தை வெளியே எடுத்துச் சமமான மேசைமேல் வைத்து, விளிம்பில் இரு பக்கமும் மாற்றி மாற்றி அழுத்திப் பார். ஆடினால் வாங்காதே. கையில் தூக்கிக் கனமும் பார். நான்ஸ்டிக் பூச்சு வேண்டாம். நீ மரக்கரண்டி போட்டாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் எவர்சில்வர் கரண்டியைத்தான் போடுவார்கள், பூச்சு உரிந்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் காலத்துக்கும் உழைக்கும், ஆனால் சூடு ஒரே சீராகப் பரவாது, அடியில் ஒட்டும். கனமான அனோடைஸ்டு அலுமினியம் போதும். இரண்டு பாத்திரத்தோடு வருகிற மாடல் கிடைத்தால் நூறு இருநூறு கூட இருந்தாலும் அதையே எடு. அந்தப் பாத்திரத்தில் புளிசாதம் கிளறி அப்படியே விட்டுவிடாதே, புளி அலுமினியத்தை அரிக்கும்.

அளவில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பெட்டிமேல் போட்டிருக்கிற லிட்டரை நம்பாதே. ஒரே அளவுக் குக்கரை ஒரு கடையில் 1.8 லிட்டர் என்பார்கள், இன்னொரு கடையில் பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவைச் சேர்த்து நாலு லிட்டருக்கு மேல் என்பார்கள். ‘அதிகபட்சம் எத்தனை கிராம் அரிசி போடலாம்?’ என்று கேள். 600 கிராம் அரிசி கொள்கிறது உங்களுக்குப் போதும். நாலைந்து பேர் விருந்துக்கு வந்தாலும் சமாளிக்கலாம். ஒரு கிலோ கொள்கிறதை வாங்கி ஒரு தம்ளர் அரிசி போட்டால், அது அகலமான அடியில் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, கீழே பொருக்குத் தட்டும். கூடவே வருகிற கப் 180 மில்லி, ஜப்பான்காரர்களின் பழைய அரிசி அளவு அது. நம் ஆழாக்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். பாத்திரத்தின் உள்ளே இருக்கிற கோடுகள் அந்தக் கப்புக்குத்தான், உன் வீட்டுத் தம்ளருக்கு அல்ல.

நம் வீட்டு அரிசி விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வருகிறது புழுங்கலரிசி. விலை கூடிய குக்கர்களில் இருக்கிற புரோகிராம்கள் பெரும்பாலும் பச்சரிசியை மனதில் வைத்துச் செய்தவை. புழுங்கல் வேக நேரமும் தண்ணீரும் அதிகம் கேட்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துத் தொடங்கு. பழைய அரிசியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்று. மாப்பிள்ளைக்கு வடித்த சோறுதான் பிடிக்கும் என்றால், கண்ணாடி மூடி போட்ட சாதாரணக் குக்கரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, வெந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பாத்திரத்தைத் தூக்கிக் கஞ்சியை வடித்துக்கொள்ளலாம். மூடி குக்கரோடு சேர்ந்து வருகிற மாடலில் இது பெரும்பாடு.

டைமர் இருக்கிறதே என்று கேட்பாய். ராத்திரி அரிசியையும் தண்ணீரையும் போட்டு வைத்தால் விடியும்போது சோறு தயார் என்பார்கள். குளிர்நாட்டில் சரி. சென்னையின் சித்திரை வெக்கையில் எட்டு மணி நேரம் ஊறிய அரிசி புளித்து வாடை அடிக்கும். எப்படியும் காலையில் எழுந்து குழம்பு வைக்கத்தான் போகிறாய், அரிசி அரை மணியில் ஆகிவிடும்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 500 வாட் குக்கர் அரை மணி ஓடினால் கால் யூனிட். தினம் ஒரு வேளை என்றால் மாதத்துக்கு எட்டு யூனிட்கூட வராது. ஆனால் வார்மில் மறந்து விட்டுவிடாதே. அதுவும் 40 வாட் போல இழுக்கும், ஆறு மணி நேரத்தில் சோறாக்கிய அளவு மின்சாரம் போய்விடும், சோறும் காய்ந்து மஞ்சளாகும். பிளக் மூன்று கால் உள்ளதாக இருக்கட்டும். மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் சொருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதே, சுவரில் உள்ள பிளக்கிலேயே போடு.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுவிட்ச் மேலே ஏறிவிட்டது, சோறு வேகவில்லை என்று சிலர் சுவிட்சில் கரண்டியைச் சொருகிப் பிடித்து வைக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஃப்யூஸ் உருகிவிடும். சின்ன ஃப்யூஸ்தான், மாற்றிவிடலாம், ஆனால் அது தெரியாமல் நல்ல குக்கரைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அரிசி வேகாவிட்டால் அரைத் தம்ளர் வெந்நீர் விட்டு, பத்து நிமிடம் பொறுத்துத் திரும்ப அழுத்து. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் உள்ளே வைக்காதே. குக்கரைக் குழாயடியில் காட்டிக் கழுவாதே.

கம்பெனிப் பெயரை நான் சொல்ல மாட்டேன். உங்கள் பகுதியில் சர்வீஸ் இருக்கிறதா, பாத்திரமும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்கு. கிடைக்காது என்றால் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். உத்தரவாதச் சீட்டில் தகட்டுக்கு எத்தனை வருடம் என்று பார், பாத்திரத்தைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு சுவிட்ச், கண்ணாடி மூடி, 600 கிராம் அரிசி கொள்ளும் கனமான பாத்திரம், மாற்றுப் பாத்திரம் ஒன்று. மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். கடைக்குப் போனதும் பாத்திரத்தின் அடியையும் தகட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கட்டு.

அன்புடன்,
மாமா